உருகுவதற்கென்று ஒரு கம்பி

எங்கள் காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குரியது. மணமுடித்த ஆண், மனைவியின் வீட்டுக்குக் குடிவருகிறான். அவன் மகளுக்கு மணமாகும்போது அதே வீட்டுக்கு இன்னொருவர் மருமகனாக வந்து சேருகிறார். அப்படி வந்து சேருகிறவரிடம் வீட்டுப் பெரியவர் சில பொறுப்புகளை ஒப்படைப்பதுண்டு. 1996-ஆம் ஆண்டில் எனக்கு நிக்காஹ் முடிந்த பத்தாம் நாள் இரவு, என் மாமனார் முதன்முதலாக என்னிடம் ஒப்படைத்தது, முன்கூடத்துக் கதவின் பின்புறச் சுவரில் அறைந்திருந்த ஃபியூஸ் போர்டை.

இஷாத் தொழுதுவிட்டு வந்து சாப்பிட அமர்ந்திருந்தோம். திடீரென்று அடுப்படியும் பின்கட்டும் இருண்டன. மாமனார் அவசரப்படவில்லை. டார்ச் விளக்கை என் கையில் தந்து, உடன் வருமாறு சைகை காட்டினார். தேக்குப் பலகையின்மேல் வெள்ளைப் பீங்கானில் ஆறு ஃபியூஸ் கட்டைகள். 1968-இல் வீடு கட்டியபோது பொருத்தியவை. மெயின் சுவிட்சின் கைப்பிடியை முதலில் இறக்கினார். பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றில் கரி படிந்திருந்தது. எஞ்சிய கம்பித் துணுக்குகளைத் திருப்புளியால் தளர்த்தி எடுத்துவிட்டு, ஓர் அட்டையில் சுற்றியிருந்த தலைமுடி போன்ற கம்பியில் ஒரு விரல் நீளம் வெட்டி, இரு முனைகளிலும் திருகாணிக்கு அடியில் வைத்து முறுக்கினார். கட்டையை அதன் இடத்தில் அழுத்தி, மெயினை ஏற்றினார். வெளிச்சம் வந்தது.

"இனி இது உங்க வேலை மாப்பிள்ளை" என்று சொல்லி அந்த அட்டையை என்னிடம் தந்தார். கூடவே, "கம்பி தீர்ந்து போனா கடையில இதையே கேட்டு வாங்குங்க. வேற கம்பி போட்டுடாதீங்க" என்றும் சொன்னார். அவர் சொன்னவற்றுள் முதலாவதை மட்டும் நான் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டேன்.

அவ்வீடு கட்டப்பட்டபோது அதில் எரிந்தவை 40 வாட் பல்புகள் சில. கூடத்தில் ஒரு மின்விசிறி, ஒரு வானொலிப் பெட்டி. அதற்கேற்ற கம்பிகள், அதற்கேற்ற ஃபியூஸ். பின்னர் மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது, குளிர்ப்பெட்டி வந்தது, துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. மகளின் பேறுகாலத்தை முன்னிட்டு 2022-இல் மாடி அறைக்கு ஒன்றரை டன் குளிரூட்டும் கருவியும் வந்தது. அது ஒன்றே 7, 8 ஆம்பியர் இழுக்கக் கூடியது. இவை எவற்றுக்கும் புதுக் கம்பி இழுக்கவில்லை. இருக்கின்ற கம்பியிலேயே ஒவ்வொன்றாகத் தொடுத்துக்கொண்டே போனோம். சுவரின்மீது மரச்சட்டத்துக்குள் ஓடிய கம்பிகளில் உறையாக இருந்தது அந்நாளைய ரப்பர். ஐம்பது வெயிலையும் ஐம்பது மழையையும் கண்டபின் ரப்பர் ரப்பராக இராது. காய்ந்த வேப்பம்பட்டை போல் விரலில் உதிரும். ஆனால் அதை விரலால் தொட்டுப் பார்க்கும் தேவை எங்களுக்கு ஏற்படவில்லை. எல்லாம்தான் எரிந்துகொண்டிருந்தனவே!

2023-ஆம் ஆண்டு ரமழான் கடுங்கோடையில் வந்தது. ஒரு நாள் ஸஹர் நேரத்தில் மாடியில் குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்க, கீழே உணவைச் சூடாக்கும் மின்னடுப்பையும் போட்டார்கள். ஃபியூஸ் போயிற்று. புதுக்கம்பி போட்டேன், பத்து நிமிடத்தில் மறுபடியும் போயிற்று. மூன்றாம் தடவை அட்டையைப் பார்த்தால் வெறும் அட்டைதான் இருந்தது. ஸுப்ஹுக்கு அரை மணிகூட இல்லை. பேரப்பிள்ளை வியர்த்து அழுதுகொண்டிருந்தது. பரணில் கிடந்த பழைய மின்கம்பித் துண்டொன்றைச் சீவி, உள்ளிருந்த செம்பு இழைகளுள் ஒன்றை எடுத்துக் கட்டையில் முறுக்கிவிட்டேன். வெளிச்சம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்டை போகவே இல்லை. பெருநாள் கழிந்தது, மழைக்காலம் கழிந்தது, ஆண்டும் ஒன்று கழிந்தது. ஃபியூஸ் போகாத வீடு என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்திருந்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

என் மருமகன் வளைகுடா நாடொன்றில் கட்டடங்களின் மின்பராமரிப்பு வேலையில் இருக்கிறார். 2024-இல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விடுமுறையில் வந்தவர், வந்த மறுநாள் முன்கூடத்தில் படுத்திருந்தபோது மூக்கைச் சுருக்கினார். ஏதோ கருகும் வாடை என்றார். எங்களுக்கு எந்த வாடையும் தெரியவில்லை. நாள்தோறும் அதற்குள்ளேயே இருந்து பழகிவிட்டோம் என்று நினைக்கிறேன். அவர் மெயினை இறக்கிவிட்டு, பலகையைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பினார். அதன் முதுகில் என் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு கரிய வட்டம். நடுவில் மரம் நெருப்புப் பட்ட கட்டை போல் வெடித்திருந்தது. அதனருகே வந்த கம்பியின் உறை முழுதும் உருகிப் போய், செம்பு வெறுமையாக நின்றது.

அந்தக் கட்டையை இழுத்துப் பார்த்தார். செம்பு இழை புதுப்பொலிவோடு இருந்தது.

"மாமா, இந்தக் கம்பி யாரு போட்டது?"

நான் வாய் திறப்பதற்குள், அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மனைவி, "நான்தான் போடச் சொன்னேன். பிள்ளை அழுதுச்சு" என்றாள். அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அந்நேரம் அவள் மாடியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். மருமகன் இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

5 ஆம்பியர் ஃபியூஸுக்குரிய கம்பி, ஏறத்தாழ 8 முதல் 10 ஆம்பியர் வரை பொறுத்துவிட்டு உருகி அறுந்துவிடும். சுவரில் ஓடும் கம்பி 15 ஆம்பியர் வரையில் தாங்கும். ஆகவே சுவரின் கம்பி சூடேறுமுன் கட்டையின் கம்பி செத்துவிடும். நான் போட்ட செம்பு இழையோ 70 ஆம்பியர் அளவு வந்தால்தான் உருகும். அதற்குள் சுவரிலுள்ள கம்பி நெருப்பாகிவிடும். "மாமா, இப்ப இந்த வீட்டுக்கு ஃபியூஸ் இந்தக் கட்டை இல்லை. சுவருக்குள்ள போற வயர்தான் ஃபியூஸ்" என்றார்.

ஃபியூஸுக்குப் பள்ளிப் பாடநூல்களில் 'உருகி' என்று பெயர். நான் அப்பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பொருளை எண்ணிப் பார்த்ததில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் உறுதியாக இருக்க வேண்டுமென்று நாம் விரும்புகிறோம். இந்த ஒன்றுமட்டும் மெலிந்திருக்கவும், வேளை வந்தால் முதலில் தானே அழிந்துபோகவும் வைக்கப்பட்டது. அதன் மெலிவே அதனிடம் ஒப்படைத்த அமானிதம். அதை வலுவாக்கியதாக எண்ணி, அந்த அமானிதத்தை நான் பறித்துவிட்டேன்.

அரபு அகராதிகளிலும் உருகிக்கு வழங்கும் சொற்களுள் ஒன்று 'மிஸ்ஹர்'. உருகுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. வாசகர்கள் இதைச் சூனியம் என்று பொருள்படும் 'ஸிஹ்ர்' என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது ஸீன் எழுத்தில் தொடங்குவது, இது ஸாத். இதே மூன்றெழுத்துகளில்தான் மணவழி உறவுக்கும் மருமகனுக்கும் உரிய 'ஸிஹ்ர்' என்னும் சொல்லும் அமைந்திருக்கிறது. திருக்குர்ஆனின் ஃபுர்கான் அத்தியாயத்தில் இரத்த உறவோடு சேர்த்துச் சொல்லப்படும் உறவு இதுவே. மின்சாரத்தைக் குறிக்கும் 'கஹ்ரபா' என்ற சொல்லோ பாரசீகத்திலிருந்து வந்தது. வைக்கோலை ஈர்ப்பது என்பது அதன் பொருள். தேய்த்தால் துரும்பை இழுக்கும் நிமிளை என்ற மரப்பிசின் கல்லுக்கு அது பெயராக இருந்தது. ஐரோப்பிய மொழிகளும் கிரேக்கத்தில் அதே கல்லுக்குரிய பெயரிலிருந்துதான் மின்சாரத்துக்குப் பெயர் எடுத்துக்கொண்டன. மருமகன் கம்பிகளை அளந்துகொண்டிருந்தபோது இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். புன்னகைத்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாணவர்களுக்கு நான் பலமுறை பாடம் சொல்லியிருக்கும் ஒரு செய்தி நெஞ்சில் வந்து நின்றது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே ஆட்கள் இருக்கத் தீப்பற்றியது. அச்செய்தி நாயகம் (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டபோது, நெருப்பு உங்களுக்குப் பகை என்னும் கருத்துப்பட அறிவுறுத்தி, உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிடப் பணித்தார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை மற்றோர் அறிவிப்பில் இருக்கிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கம் எழுதும்போது பள்ளிவாசல்களில் தொங்கும் விளக்குகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவற்றால் தீப்பற்றும் என்ற அச்சம் இருக்குமானால் அவையும் இக்கட்டளைக்குள் அடங்கும். அச்சம் இல்லையெனில் குற்றமில்லை, ஏனெனில் சட்டத்தின் காரணம் அங்கே இல்லை என்பது அவர்கள் கருத்து.

இந்தக் காரணத்தைத்தான் 'இல்லத்' என்கிறோம். முப்பதாண்டுகளாக நான் இதைப் பாடம் நடத்துகிறேன். திரிவிளக்கு போய்விட்டதால் அச்சட்டத்துக்கு வேலையில்லை என்று என்னையறியாமலே எண்ணியிருந்தேன். ஒவ்வோர் இரவும் விளக்குகளை அணைத்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைத் தாழிட்டுவிட்டு, அக்கதவின் பின்னால் நெருப்பைக் கண்ணுறங்காமல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

மறுநாள் பழைய கம்பிகளைச் சோதிக்க மருமகன் பரணில் ஏறினார். அடுப்படிக்கு மேலே, உத்திரத்தை ஒட்டிச் செல்லும் கம்பியில் ஒரு சாண் நீளத்துக்கு உறையே இல்லை. பல் பதிந்த அடையாளம் இருந்தது. எலி! நான் கீழே நின்றுகொண்டு அந்த ஹதீஸை மறுபடியும் நினைத்தேன்.

இன்னும் ஒன்று வெளிப்பட்டது. என் மனைவி துணி துவைக்கும் இயந்திரத்தைத் தொடும்போதெல்லாம் கையில் சுள்ளென்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தாள். ஈரக்கையோடு தொடாதே என்று நானும் நெடுங்காலமாகச் சொல்லிவந்தேன். அவளும் ரப்பர்ச் செருப்புப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்துவந்தாள். மருமகன் எர்த் கம்பி எங்கே போகிறது என்று தேடினார். அது சுவரோரமாக இறங்கிப் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டப்பட்டிருந்தது. அந்நாளில் அதுவே வழக்கம். குழாய் மண்ணுக்குள் ஓடியதால் மின்சாரத்துக்கும் மண்ணுக்குப் போக வழியிருந்தது. 2011-இல் துருப்பிடித்த குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டோம். கம்பி கட்டியிருந்த துண்டை மட்டும் அகற்றாமல், இரு பக்கமும் அறுத்து அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆக, பதின்மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டு எர்த், சுவரில் ஆணியடித்த ஒரு முழ இரும்புத் துண்டில் முடிந்திருக்கிறது. இயந்திரத்தில் கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக என் மனைவியின் கையைத்தான் தேடியிருக்கிறது.

அப்போதுகூட ஃபியூஸ் காப்பாற்றாதா என்று கேட்டேன். இல்லையாம். 5 ஆம்பியர் என்பது 5000 மில்லி ஆம்பியர். மனித உடலின் வழியே 50, 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயம் நின்றுவிடக்கூடும். ஃபியூஸுக்கு அது ஒரு பொருட்டே அன்று. அது கம்பியைக் காக்கப் பிறந்தது, ஆளைக் காக்க அன்று. என்னைப்போல் எத்தனையோ பேர் ஃபியூஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுகிறார்கள்.

ஆறு கட்டைகளில் மூன்று, நியூட்ரல் கம்பியில் இருந்தன. அதுவும் பழைய வழக்கம். அந்தக் கட்டை போனால் விளக்கு அணையும். ஆனால் விளக்குவரை வந்துநிற்கும் கம்பியில் மின்சாரம் உயிரோடுதான் இருக்கும். இருட்டாயிற்றே என்று நம்பித் தொட்டவன் கதி என்ன?

பெட்டியை மாற்றுவதென்று முடிவாயிற்று. முதலில் தெருக்கம்பத்திலிருந்து வரும் இணைப்பை நிறுத்த வேண்டும். மீட்டருக்கு அருகிலுள்ள முத்திரையிட்ட ஃபியூஸை வீட்டுக்காரர் தொடலாகாது. ஆகவே மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுத்தோம், லைன்மேன் வந்தார். உரிமம் பெற்ற உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் பொறுப்பேற்றார். தேக்குப் பலகை இருந்த இடத்தில் இரும்புப் பெட்டி வந்தது. உள்ளே விளக்குகளுக்கு 6 ஆம்பியர், பிளக்குகளுக்கு 16, குளிரூட்டிக்குத் தனியாக 20 என்று வரிசையாக எம்.சி.பி.கள். அளவுமீறி மின்சாரம் ஓடினால் உள்ளிருக்கும் இரட்டை உலோகத் தகடு சூட்டில் வளைந்து விசையைத் தட்டிவிடும். கம்பிகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டாலோ ஒரு காந்தச் சுருள் கண்ணிமைக்குமுன் அதைச் செய்துவிடும். கம்பி மாற்ற வேண்டியதில்லை, விசையை ஏற்றினால் போதும். இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. இதற்குள் என்னைப்போன்றவர்கள் செம்பு இழையை முறுக்க முடியாது.

பெட்டியின் தலைப்பில் ஆர்.சி.சி.பி. என்ற கருவி. அதை ஒரு தராசு என்று சொல்லலாம். ஒரு கம்பியில் போன மின்சாரம் மறு கம்பியில் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது இடைவிடாமல் நிறுத்துக்கொண்டிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், எங்கோ யார் உடம்பின் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று கொண்டு, ஒரு நொடியில் மூன்றிலொரு பங்குக்குள் வீட்டையே இருட்டாக்கிவிடும். ஆனால் இரு கம்பிகளையும் இரு கைகளால் பிடித்தவனை அது அறியாது. அவன் அதற்கு ஒரு பல்பு போலத்தான். அளவுமீறிய ஓட்டத்தையும் அது கவனிக்காது. அதற்குத்தான் எம்.சி.பி. ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

கொல்லையில் இரண்டரை மீட்டர்க் குழாயை மண்ணில் இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்புமிட்டு எர்த் போட்டார்கள். சுவர்களில் புதுக்கம்பி இழுக்க ஒன்பது நாள் பிடித்தது. வீடெங்கும் சிமெண்ட் தூசி. பெட்டியும் அதனுள் இருந்தவையும் மட்டுமென்றால், ஒரு களறிச் சாப்பாட்டுக்கு இறைச்சி வாங்கும் பணம்கூட ஆகவில்லை. கம்பிக்குத்தான் செலவு.

எல்லாம் முடிந்து மெயினை ஏற்றியதும் விளக்குகள் எரிந்தன. துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டார்கள். வீடு இருண்டது. ஏற்றினோம், மறுபடியும் இருண்டது. இயந்திரத்தின் மோட்டாரிலேயே கசிவு இருப்பதாகவும், பழுது பார்க்கக் கொண்டுபோக இரண்டு நாள் ஆகும் என்றும் எலக்ட்ரீஷியன் சொல்லிச் சென்றார். மருமகனின் விடுமுறை அன்றோடு முடிந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருந்தனர். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயும் இதே தொல்லைதான். அதைத் தாண்டி நேரா வயரைக் கொடுத்துட்டோம், இப்ப ஒரு தொந்தரவும் இல்லை" என்றார். தாம் இரண்டு நிமிடத்தில் செய்து தருவதாகவும் சொன்னார்.

நான் தயங்கினேன். மெய்யைச் சொன்னால், தயக்கத்தில் பாதி இசைவு இருந்தது. விருந்தாளிகள் போனபின் மாற்றிக்கொள்ளலாமே என்ற அதே ஸஹர்நேரத்து நியாயம். திருப்புளி அவர் கையில் வந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து என் மனைவி ஒரு வாளியோடு வந்தாள். இயந்திரத்தைத் திறந்து ஈரத் துணிகளை அதில் அள்ளிப்போட்டாள். "ரெண்டு நாளைக்கு நான் கையால துவைச்சுக்குறேன். அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். பக்கத்துத் தெருக்காரருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன். அவர் வீட்டைப் பற்றி எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை அவர் அழைக்கவில்லை.

இடையில் ஒரு சொல். நம் பள்ளிவாசல்களில் பலவற்றின் போர்டும் எங்கள் பழைய பலகை போன்றதே. ஒளூச் செய்யும் இடத்துக்கு அருகில், ஈரக்காலோடு நிற்கும் மக்களுக்கு நடுவே மோட்டார் சுவிட்ச் இருப்பதை நான் ஓரிரு ஊர்களில் கண்டிருக்கிறேன். நிர்வாகிகள் கொத்துவிளக்கு வாங்குமுன் அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்தால் நவவி இமாமின் விளக்கத்துக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்.

பழைய பலகையை எறிந்துவிட எனக்கு மனம் வரவில்லை. மாமனார் 2009-இல் வஃபாத்தானார்கள். அதில் அவர் கைபட்ட தேய்மானம் இருக்கிறது. அதன் முதுகில் நான் செய்த கரியும் இருக்கிறது. பீங்கான் கட்டைகளைக் கழற்றிக் கழுவிப் பார்த்தேன். ஒரு கட்டையில் மட்டும் அவர் முறுக்கிய கம்பி அறுபடாமல் இருந்தது. எந்த ஆண்டு முறுக்கியதோ! அதை என் மேசையில் வைத்திருக்கிறேன்.

ஆர்.சி.சி.பி.யில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை மாதமொருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டுமென்று மருமகன் சொல்லிப் போனார். அமுக்கினால் வீடு இருள வேண்டும். இருளாவிட்டால் கருவி செத்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவரிடமிருந்து அழைப்பு வரும். ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து, "அமுக்கினீங்களா மாமா?" என்பார். சென்ற மாதம் நான் மறந்திருந்தேன். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டே எழுந்து போய் அமுக்கினேன். டக்கென்று ஒலி கேட்டது. விசிறி நின்றது. உள்ளேயிருந்து மனைவி, "ஏன், சொல்லிட்டு அமுக்கக் கூடாதா?" என்று குரல் கொடுத்தாள்.

"கேட்டுச்சு மாமா" என்றார் மருமகன்.